நிப்பா நம் ஊர்ப் பெயர். மருந்து யார் பொறுப்பு?

“டீச்சர், நிப்பா வைரஸ் கேரளாவில்தானே முதன்முதலில் வந்தது?”

நான்காம் படிவ உயிரியல் வகுப்பில் நோய் எதிர்ப்பாற்றல் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவர் கேட்ட கேள்வி இது. வகுப்பில் பாதிப்பேர் ‘ஆமாம்’ என்று தலையாட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கைப்பேசியில் அவர்கள் பார்த்த நிப்பா செய்திகள் எல்லாம் கோழிக்கோட்டிலிருந்தும் மலப்புரத்திலிருந்தும் வந்தவை. ஆனால் நிப்பா என்பது நம் நாட்டு ஊரின் பெயர். நெகிரி செம்பிலான் மாநிலத்தின் சுங்கை நிப்பா கிராமத்து நோயாளி ஒருவரிடமிருந்துதான் 1999 மார்ச் மாதம் அந்த வைரஸ் முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது.

இதைச் சொன்னதும் அதே மாணவர் அடுத்த கேள்வியைக் கேட்டார்: “இவ்வளவு வருஷமாச்சே டீச்சர், அப்புறம் ஏன் இன்னும் அதுக்கு மருந்து இல்ல?”

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிட்டேன். இரண்டாவதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை. நிப்பா வைரஸைத் தடுக்கக்கூடிய எதிர்ப்பொருள் ஒன்று ஆய்வுக்கூடத்தில் உருவாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் அது இன்னும் அனுமதி பெற்ற மருந்தாகவில்லை. அதற்கு அறிவியலின் கடினம் மட்டும் காரணம் இல்லை. அந்த வேலையைக் கடைசிவரை கொண்டு செல்லும் பொறுப்பை யாரும் முழுதாக ஏற்கவில்லை என்பதே பெரிய காரணம். அந்தப் பொறுப்பில் மலேசியாவுக்குப் பங்கு உண்டு என்பது என் கருத்து.

கொசுவால் வந்த நோய் அல்ல

1998 செப்டம்பர் இறுதியில், ஈப்போவை ஒட்டிய கிந்தா வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் கடும் காய்ச்சலும் மூளை அழற்சியும் வரத் தொடங்கின. முதலில் அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதினார்கள். ‘ஜே.இ.’ என்ற சொல் அந்த நாட்களில் பெரியவர்கள் பேச்சில் ஓயாமல் அடிபட்டது. ஆரம்பப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்த எனக்கும் அது நினைவில் இருக்கிறது. ஜே.இ. கொசுவால் பரவும் நோய். ஆகவே கொசுவுக்குப் புகையடித்தார்கள். தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை.

சில விஷயங்கள் பொருந்தாமல் இருந்தன. ஜே.இ. பெரும்பாலும் சிறுவர்களைத் தாக்கும். இங்கே படுக்கையில் விழுந்தவர்களோ பன்றிகளைத் தொட்டு வேலை செய்த பெரியவர்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்கும் நோய் வந்தது. பன்றிகளும் இருமி, மூச்சுத் திணறி நோயுற்றன. பன்றிகள் இடம் மாறியபோது நோயும் அவற்றோடு நெகிரி செம்பிலானுக்குப் போனது. சிகாமாட், புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா என்று ஒவ்வோர் ஊராகப் பரவியது.

அப்போது மலாயாப் பல்கலைக்கழகத்தில் இருந்த டாக்டர் சுவா கௌ பிங், நோயாளியின் மூளைத் தண்டுவட நீரை ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்களோடு சேர்த்துப் பார்த்தார். சில நாட்களில் அந்த உயிரணுக்கள் ஒன்றோடொன்று இணைந்து, பல உட்கருக்கள் கொண்ட பெரிய திட்டுகளாக மாறின. இது புதிய வைரஸ் என்று அவர் சந்தேகித்தார். மாதிரிகளை எடுத்துக்கொண்டு அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்குப் போனார். சந்தேகம் உறுதியானது. உயிரணுக்களை ஒட்டவைக்கும் இந்த வைரஸின் குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் அதற்குத் திரும்பி வருவோம்.

நோய் அடங்குவதற்குள் மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்தார்கள். சிங்கப்பூரில் பன்றி அறுக்கும் கூடங்களில் வேலை செய்த 11 பேருக்கு நோய் வந்து ஒருவர் இறந்தார். இங்கே 1 மில்லியனுக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. பண்ணைகள் அழிந்தன, குடும்பங்கள் ஊரை விட்டுப் போயின. நாம் ‘கெளுவாங்’ என்று சொல்லும் பழந்தின்னி வௌவால்களே இந்த வைரஸின் இயற்கையான இருப்பிடம் என்பது பிறகு தெரியவந்தது. தியோமான் தீவு வௌவால்களின் சிறுநீரிலிருந்தும் வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். பண்ணைகளின் ஓரத்தில் நின்ற பழமரங்களில் வௌவால்கள் தின்று போட்ட மிச்சம் பன்றிகளிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

கூட்டத்தில் ஒருவரைத் தேடுவது

இப்போது எதிர்ப்பொருளுக்கு வருவோம். பள்ளியில் மலாயில் ‘அந்திபோடி’ என்று படிப்பது இதைத்தான். நம் இரத்தத்திலுள்ள பி வகை வெள்ளையணுக்கள் உற்பத்தி செய்யும் புரதம் இது. வடிவத்தில் கவட்டைக் குச்சி போல இருக்கும். கவட்டையின் இரு நுனிகளும் கிருமியின் ஒரு குறிப்பிட்ட பகுதியை மட்டும் பற்றிக்கொள்ளும். அப்படிப் பற்றப்படும் பொருளுக்கு ஆன்டிஜென் என்று பெயர்.

முக்கியமான செய்தி இதுதான்: ஒரு பி அணு ஒரே வகை எதிர்ப்பொருளைத்தான் செய்யும். அது பெருகினால் அதன் வாரிசுகளும் அதையே செய்யும். ஆனால் உடலில் இலட்சக்கணக்கான வகை பி அணுக்கள் உள்ளன. கிருமி உள்ளே நுழைந்தால் அதன் வெவ்வேறு பகுதிகளை அடையாளம் காணும் பல பி அணுக்கள் ஒரே சமயத்தில் பெருகும். ஆகவே இரத்தத்தில் இருப்பது எப்போதும் ஒரு கலவை. பாம்புக்கடி மருந்து இப்படித்தான் தயாராகிறது. குதிரைக்குச் சிறிது சிறிதாக நஞ்சைச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருள் கலவையைப் பிரித்தெடுக்கிறார்கள். அது உயிர் காக்கும் மருந்துதான். ஆனால் ஒவ்வொரு குதிரையிடமும் கலவை சற்று மாறும். தேவையில்லாத எதிர்ப்பொருள்களும் அதில் இருக்கும்.

நமக்கு வேண்டியது ஒரே ஒரு வகை என்றால்? தைப்பூசத்தன்று தண்ணீர்மலை அடிவாரத்தில் நிற்கும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரே ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். பிடித்தாலும் போதாது, அவரைப் போலவே கோடிப் பேரை உருவாக்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. உடலுக்கு வெளியே எடுத்த பி அணு சில நாட்களில் இறந்துவிடும்.

இதற்கு 1975ஆம் ஆண்டு வழி கண்டவர்கள் கேம்பிரிட்ஜில் வேலை செய்த செசார் மில்ஸ்டைனும் ஜார்ஜஸ் கோலரும். மில்ஸ்டைன் அர்ஜென்டினாவில் பிறந்தவர். கோலர் ஜெர்மனியைச் சேர்ந்த இளம் ஆய்வாளர். மைலோமா என்பது பி அணு வகையில் வரும் ஒரு புற்றுநோய். புற்றணுக்களுக்குச் சாவு இல்லை, ஆய்வுக்கூடத்தில் பெருகிக்கொண்டே இருக்கும். எலியின் மண்ணீரலிலிருந்து எடுத்த பி அணுவையும், சாகாத மைலோமா அணுவையும் ஒன்றாக இணைத்தார்கள். பிறந்த கலப்பு அணுவுக்கு ஹைபிரிடோமா என்று பெயர். அது பி அணுவைப் போல எதிர்ப்பொருள் செய்தது, புற்றணுவைப் போலச் சாகாமல் வாழ்ந்தது.

இரண்டு அணுக்களை எப்படி ஒட்டினார்கள்? செயலிழக்கச் செய்த சென்டாய் என்னும் வைரஸைக் கொண்டுதான். சென்டாய், நிப்பா இரண்டும் ஒரே வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை. டாக்டர் சுவா கண்ணாடிக் குடுவையில் கண்ட அதே ஒட்டவைக்கும் குணம், அதற்கு 24 ஆண்டுகளுக்கு முன் ஒரு கருவியாகப் பயன்பட்டிருக்கிறது. நோயாளியின் உடலில் சேதம் விளைவிக்கும் அதே குணத்தை, புரிந்துகொண்ட பிறகு நாம் வேலை வாங்க முடிந்தது.

அடுத்தது சலித்தெடுக்கும் வேலை. எல்லா அணுக்களும் சரியாக இணைவதில்லை. இணையாத பி அணுக்கள் தாமாகவே இறந்துவிடும். இணையாத மைலோமா அணுக்களை ஒழிக்க, ஒரு குறிப்பிட்ட நொதி இல்லாத மைலோமா வகையைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நொதி இல்லாதவை பிழைக்க முடியாத ஊட்டநீரில் எல்லாவற்றையும் வளர்ப்பார்கள். ஹைபிரிடோமாவுக்கு அந்த நொதி பி அணுவிடமிருந்து கிடைத்துவிடுவதால் அது மட்டும் தப்பும். பிறகு ஒரு குழிக்கு ஓர் அணு வீதம் பிரித்து வளர்த்து, எந்தக் குழியில் நாம் தேடும் எதிர்ப்பொருள் உண்டாகிறது என்று சோதிப்பார்கள். ஓர் அணுவிலிருந்து பெருகிய குலத்தை ‘குளோன்’ என்பார்கள். ஒரே குளோன் தருவதால் இதன் பெயர் மோனோகுளோனல் எதிர்ப்பொருள்.

மில்ஸ்டைனும் கோலரும் மருந்து தேடிப் புறப்பட்டவர்கள் அல்லர். உடலால் இத்தனை வகை எதிர்ப்பொருள்களை எப்படிச் செய்ய முடிகிறது என்ற அடிப்படைக் கேள்விக்கே விடை தேடினார்கள். அந்த முறைக்குக் காப்புரிமையும் எடுக்கப்படவில்லை. 1984இல் நீல்ஸ் ஜெர்னேவுடன் சேர்ந்து இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

உங்கள் வீட்டிலேயே இருந்தது

கோவிட் காலத்தில் மூக்கில் குச்சியை விட்டு, இரண்டு கோடு வருகிறதா என்று பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தீர்களே, அந்த ஆர்.டி.கே. பரிசோதனைப் பட்டையில் வேலை செய்தது இதுதான். பட்டையில் பதித்த எதிர்ப்பொருள் வைரஸின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். நிறம் ஏற்றிய இன்னோர் எதிர்ப்பொருள் அதன்மேல் ஒட்டும். அதுவே கோடாகத் தெரியும். டிங்கிக் காய்ச்சலுக்குக் கிளினிக்கில் செய்யும் என்.எஸ்.1 சோதனையும் இதே வகைதான்.

இந்தத் துறையில் நம் நாட்டுக்கும் இடம் உண்டு. குளுகோரில் தலைமை வளாகம் கொண்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் ரஹ்மா நோர்டினின் குழு யானைக்கால் நோயைக் கண்டறிய ‘புருகியா ரேபிட்’ என்னும் பரிசோதனையை உருவாக்கியது. நோயாளியின் இரத்தத்தில் புழுவுக்கு எதிராக உண்டான எதிர்ப்பொருளை, தங்கத் துகள் ஏற்றிய மோனோகுளோனல் எதிர்ப்பொருள் அடையாளம் காட்டும். புருகியா வகைப் புழு பரவியுள்ள நாடுகளில், ஊர் முழுவதற்கும் மருந்து கொடுப்பதை நிறுத்தலாமா என்று முடிவு செய்யும் ஆய்வுகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் இந்தச் சோதனையைப் பயன்படுத்துகிறது. ஏழைகளின் நோய் என்று ஒதுக்கப்பட்ட ஒன்றுக்காக மலேசியாவில் செய்த வேலை இது.

சோதனைப் பட்டை ஒன்று, ஊசி மருந்து வேறொன்று. எலியின் எதிர்ப்பொருளை மனித உடலுக்குள் செலுத்தினால், நம் உடல் அதையே அந்நியப் பொருளாகக் கருதித் தாக்கும். மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிப்பதைத் தடுக்க 1986இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மருந்துக்கு இந்தக் குறை இருந்தது. பிற்பாடு, கவட்டையின் நுனியை மட்டும் எலியிடமிருந்து எடுத்து, மீதியை மனிதப் புரதமாகவே அமைக்கக் கற்றார்கள். அதன்பின் எலியே தேவைப்படாத வழியும் வந்தது. மனித எதிர்ப்பொருள்களின் மரபணுக்களைப் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களின் மேல் ஏற்றி, வேண்டியதைத் தேடியெடுக்கும் முறை அது. இதற்காக ஜார்ஜ் ஸ்மித், கிரெகரி வின்டர் இருவரும் 2018இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

இன்று மார்பகப் புற்றுநோய்க்கு டிராஸ்டுஸுமாப், சிலவகை இரத்தப் புற்றுநோய்க்கு ரிட்டக்சிமாப், மூட்டு அழற்சிக்கு அடலிமுமாப் என்று மருந்துகள் நிறைய. பெயரின் கடைசியில் உள்ள ‘மாப்’ என்பதே மோனோகுளோனல் எதிர்ப்பொருள் என்பதற்கான அடையாளம். 2021இல் அமெரிக்க மருந்துத் துறை இந்த வகையில் 100ஆவது மருந்துக்கு அனுமதி தந்தது. பெரும்பாலானவை புற்றுநோய்க்கும், உடலே உடலைத் தாக்கும் நோய்களுக்கும் உரியவை. தொற்றுநோய்களுக்கு உரியவை மிகச் சில. நிப்பாவுக்கு எதுவும் இல்லை.

காத்திருக்கும் எதிர்ப்பொருள்

நிப்பாவுக்கான எதிர்ப்பொருளின் பெயர் எம்102.4. இதை உருவாக்கியவர்கள் அமெரிக்க அரசு ஆய்வாளர்கள். நிப்பா வைரஸின் மேற்பரப்பில் ‘ஜி’ என்றொரு புரதம் உண்டு. நம் உயிரணுவின் கதவைத் திறக்க வைரஸ் பயன்படுத்தும் சாவி அது. எம்102.4 அந்தச் சாவியின் பல்லிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு சாவி பூட்டுக்குள் நுழையாது.

குரங்குகளில் செய்த சோதனை நம்பிக்கை தந்தது. வைரஸைச் செலுத்தி 5 நாட்கள் கழித்து, நோயின் அறிகுறிகள் தொடங்கிய பிறகு மருந்து கொடுத்தும் குரங்குகள் பிழைத்தன. ஆஸ்திரேலியாவில் 40 ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குக் கொடுத்து, பாதுகாப்பானதா என்று பார்த்த முதற்கட்ட ஆய்வின் முடிவு 2020இல் வெளிவந்தது. கவலைப்படும்படியான விளைவு எதுவும் இல்லை.

ஏன் ஆஸ்திரேலியா? நிப்பாவுக்கு நெருங்கிய உறவான இன்னொரு வைரஸ் அங்கே உண்டு. 1994இல் பிரிஸ்பேன் நகரின் ஹெண்ட்ரா என்னும் புறநகரில் குதிரைகளிலிருந்து மனிதர்களுக்குத் தொற்றியதால் அதற்கும் ஊர்ப் பெயரே நிலைத்தது. எம்102.4 இரண்டையும் தடுக்கும். ஹெண்ட்ரா வைரஸ் தொற்றியவர்கள் மொத்தம் 7 பேர், இறந்தவர்கள் 4 பேர். அந்த 7 பேருக்காக, இனி வரக்கூடிய எட்டாமவருக்காக, குவின்ஸ்லாந்து மாநிலம் இந்த எதிர்ப்பொருளைத் தயாரித்துச் சேமித்து வைத்தது.

2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிப்பா பரவி 17 பேர் இறந்தார்கள். நோயாளிகளைக் கவனித்த லினி என்ற இளம் செவிலியரும் அவர்களில் ஒருவர். அப்போது கேரளாவுக்கு எம்102.4 வந்து சேர்ந்தது குவின்ஸ்லாந்திலிருந்து. கோலாலம்பூரிலிருந்து அல்ல. 2023இல் மறுபடியும் கோழிக்கோட்டில் நோய் தலைகாட்டியபோது, கையில் உள்ள மருந்து 10 நோயாளிகளுக்குத்தான் போதும் என்றும், மேலும் 20 வேளை மருந்தை ஆஸ்திரேலியாவிடம் கேட்டிருப்பதாகவும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைவர் சொன்னார். 265 பேரை நோயில் வீழ்த்திய வைரஸுக்குப் பெயர் கொடுத்த நாடு, 7 பேரைத் தாக்கிய வைரஸுக்குப் பெயர் கொடுத்த மாநிலத்திடம் கற்க வேண்டியது இருக்கிறது.

இங்கே நான் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். எம்102.4 மனிதர்களில் நிப்பாவைக் குணப்படுத்தும் என்பது இன்னும் நிரூபிக்கப்படவில்லை. இந்தியாவுக்கு வெளியே 14 பேருக்குக் கொடுக்கப்பட்டது, 14 பேரும் உயிர் பிழைத்தார்கள் என்று 2023இல் செய்தி வந்தது. இதைப் படித்ததும் ‘நூற்றுக்கு நூறு வெற்றி’ என்று சொல்லிவிடாதீர்கள். மருந்து பெறாத இன்னொரு குழுவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா? மருந்து கொடுத்தபோது அவர்களுக்கு நோய் முற்றியிருந்ததா, அல்லது தொற்று ஏற்பட்டிருக்கலாம் என்ற அச்சத்தில் முன்கூட்டியே கொடுத்தார்களா? அறிவியல் கூட ஆய்வறிக்கையில் கட்டுப்படுத்தப்பட்ட மாறி எங்கே என்று உங்களிடம் நச்சரிக்கிறேனே, அதே கேள்விதான் இது.

யாரும் வாங்க மாட்டார்கள் என்பதால்

நிரூபிக்க என்ன தடை? நிப்பா திடீரென்று வரும், சிலரைக் கொல்லும், சில வாரங்களில் மறையும். அதற்குள் ஆய்வைத் திட்டமிட்டு, அனுமதி வாங்கி, மருந்தை வரவழைக்க நேரம் போதாது. மருந்து நிறுவனங்களுக்கும் இதில் ஆர்வம் குறைவு. மோனோகுளோனல் எதிர்ப்பொருளைப் பெரிய எஃகுத் தொட்டிகளில் உயிரணுக்களை வளர்த்து எடுக்க வேண்டும். தூய்மைப்படுத்த வேண்டும். குளிரில் காக்க வேண்டும். செலவு அதிகம். ஆண்டுக்கணக்கில் மருந்து வாங்கும் புற்றுநோயாளிகள் உலகெங்கும் இருக்கிறார்கள். நிப்பாவுக்கு அப்படியொரு சந்தை இல்லை. நிறுவனத்தின் கணக்கு அதன் அளவில் சரியாகவே இருக்கலாம். அதனால்தான் இந்த வேலையை நிறுவனத்தின் கணக்குக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது என்கிறேன்.

முடியாத காரியமா இது? இல்லை என்பதற்கு இரண்டு உதாரணங்கள் சொல்வேன்.

முதலாவது எபோலா. 2018இல் காங்கோ ஜனநாயகக் குடியரசில் எபோலா பரவியபோது, அந்த நாட்டு விஞ்ஞானி ஜான் ஜாக் முயெம்பேயின் நிறுவனம் மற்ற நாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து, நோய் பரவிக்கொண்டிருந்தபோதே 4 மருந்துகளை ஒப்பிட்டுச் சோதித்தது. 681 பேர் பங்கேற்றார்கள். இரண்டு எதிர்ப்பொருள் மருந்துகள் பெற்றவர்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, மற்ற இரண்டு மருந்துகள் பெற்றவர்களில் ஏறத்தாழ பாதி. அந்த இரண்டும் 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. அவற்றில் ஒன்று, 1995இல் கிக்விட் நகரில் எபோலாவிலிருந்து பிழைத்த ஒருவரின் இரத்தத்திலிருந்து கண்டெடுத்த எதிர்ப்பொருள்.

இரண்டாவது வெறிநாய்க்கடி. 2015இல் பினாங்கு, கெடா, பெர்லிஸ் மாநிலங்களில் இந்த நோய் தலைகாட்டியபோது நம் தெருக்களில் இருந்த பதற்றம் பலருக்கு நினைவிருக்கும். கடிபட்டவருக்குத் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றி எதிர்ப்பொருளும் செலுத்த வேண்டும். மனித இரத்தத்திலிருந்தோ குதிரையிடமிருந்தோ எடுத்த அந்த மருந்துக்கு எப்போதும் தட்டுப்பாடு. இதற்கு மாற்றாக, புனே நகரின் சீரம் இன்ஸ்டிடியூட் அமெரிக்காவின் மாஸ்பயாலஜிக்ஸுடன் சேர்ந்து ஒரு மோனோகுளோனல் எதிர்ப்பொருளை உருவாக்கியது. அது இந்தியாவில் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. பணக்கார நாடுகளில் அரிதாகிவிட்ட நோய்க்கு, அது அதிகம் கொல்லும் நாட்டிலேயே மருந்து தயாரானது.

எழக்கூடிய மறுப்புகள்

“1999க்குப் பிறகு மலேசியாவில் யாருக்கும் நிப்பா வரவில்லையே, வராத நோய்க்கு ஏன் செலவு?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. டிங்கி, நீரிழிவு, சிறுநீரக நோய் என்று பணம் வேண்டிய இடங்கள் எத்தனையோ. ஆனால் வௌவால்கள் இங்கேதான் இருக்கின்றன, வைரஸும் அவற்றிடம் இருக்கிறது. வங்காளதேசத்தில் 2001 முதல் இந்த நோய் அடிக்கடி வருகிறது. அங்கே அது மனிதரிடமிருந்து மனிதருக்கும் தொற்றுகிறது. பல மாதங்களாகத் தீ விபத்து இல்லை என்பதற்காகத் தீயணைப்பு நிலையத்தை மூடுவதில்லை. நான் கேட்பது மாபெரும் தொழிற்சாலையும் இல்லை. சில நூறு பேருக்குப் போதுமான மருந்து இந்த வட்டாரத்தில் ஓரிடத்தில் இருக்கட்டும். நோய் வந்தால் மறுநாளே தொடங்கக்கூடிய ஆய்வுத் திட்டத்தை மலேசியா, இந்தியா, வங்காளதேசம் மூன்றும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டு தயாராக வைத்திருக்கட்டும்.

“வௌவால்களை ஒழித்துவிட்டால் போதாதா?” என்றும் சிலர் கேட்கிறார்கள். தியோமான் தீவில் டுரியான் பூக்களுக்கு மகரந்தம் சேர்ப்பதில் பழந்தின்னி வௌவால்களுக்குப் பங்கு உண்டு என்று மலேசிய ஆய்வாளர்கள் 2017இல் படம்பிடித்துக் காட்டினார்கள். பாலேக் பூலாவ் டுரியானை விரும்பிச் சாப்பிடும் ஊரில் இருந்துகொண்டு வௌவாலை ஒழிக்கச் சொல்லக் கூடாது. காடு அழிந்து வௌவால் ஊருக்குள் வந்தால் நோயும் சேர்ந்து வரும். வௌவாலை வாழ விட்டு, நோய்க்கு மருந்தோடு தயாராக இருப்பதே அறிவுடைமை.

“தடுப்பூசி வந்துவிடுமே?” என்பது மூன்றாவது கேள்வி. நிப்பா தடுப்பூசிகள் இன்னும் மனிதர்களில் சோதனை நிலையிலேயே உள்ளன. தடுப்பூசி போட்ட பிறகு உடல் எதிர்ப்பொருளைச் செய்ய நாட்கள் ஆகும். தொற்றிய நோயாளியைத் தொட்டுவிட்ட செவிலியருக்கு அந்த அவகாசம் இல்லை. தயாரான எதிர்ப்பொருள் அன்றே வேலையைத் தொடங்கும். ஆகவே இரண்டும் வேண்டும்.

உங்களுக்கு இதில் என்ன வேலை?

எஸ்.பி.எம். தேர்வுக்கு எதிர்ப்பொருள் பற்றி நான்கைந்து வரி எழுதினால் புள்ளி கிடைத்துவிடும். ஆனால் அந்த நான்கைந்து வரிக்குப் பின்னால் யார் கேள்வி கேட்டார்கள், யார் பணம் போட்டார்கள், யாருக்கு மருந்து போய்ச் சேர்ந்தது, யாருக்குச் சேரவில்லை என்பதும் அறிவியல் பாடத்தின் பகுதிதான். அதைக் கேட்க மறந்துவிட்டால், அடுத்தவர் செய்த மருந்துக்கு வரிசையில் நிற்பவர்களாகவே நாம் இருந்துவிடுவோம்.

நம் பிள்ளைகளில் நன்றாகப் படிப்பவர்கள் பலர் மருத்துவர் ஆக வேண்டும் என்கிறார்கள். நல்லது. ஆனால் ஓர் அணுவை ஒரு குழியில் இட்டு வாரக்கணக்கில் காத்திருப்பவர்களும் உயிர் காப்பவர்கள்தான். உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உயிர்த்தொழில்நுட்பம் என்ற பெயர்களைப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பார்க்கும்போது, ‘மருத்துவம் கிடைக்காதவர்கள் எடுக்கும் பாடம்’ என்று தாண்டிப் போகாதீர்கள். 1999இல் எல்லாரும் கொசுவைத் துரத்திக்கொண்டிருந்தபோது, ‘இது கொசுவால் வந்தது அல்ல’ என்று காட்டியது ஆய்வுக்கூடத்தில் இருந்த ஒருவரின் கண்.

அந்த மாணவரின் முதல் கேள்விக்கு, “இல்லையப்பா, அது நம் ஊர்ப் பெயர்” என்று பதில் சொன்னேன். இரண்டாவது கேள்விக்கு என் பதில்: மருந்தின் பாதி வேலை முடிந்திருக்கிறது. மீதி வேலையை யாராவது செய்வார்கள் என்று எல்லாரும் காத்திருக்கிறோம். பெயர் நம்முடையதாக இருக்கும்போது, அந்த ‘யாராவது’ நாமாக இருப்பதுதான் முறை.